நாலு கம்பி போதும் என்று சொன்னவள்

எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸப் குழுவில் இருந்து என்னை இன்னும் யாரும் நீக்கவில்லை. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. தினமும் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்லும் ஆள் நான் ஒருத்திதான் என்பதால் மரியாதைக்கு விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். போன வாரம் அதில் ஒரு செய்தி வந்தது. கம்பெனி புதிதாக ஒரு செயலி கொண்டுவந்திருக்கிறதாம். நெட் மெதுவாக இருக்கிறது என்று யாராவது புகார் கொடுத்தால், அந்தச் செயலியே சோதித்துப் பார்த்து, ‘உங்கள் இணைப்பு நலமாக உள்ளது’ என்று பதில் அனுப்பிவிடுமாம். வீட்டுக்கு ஆள் போக வேண்டியதில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இணைப்பு நல்லாத்தான்டா இருக்கும். வீட்டுக்குள்ள ஓடுற வயரு கதவிடுக்குல நசுங்கிக் கெடக்கிறத அந்தச் செயலிக்கு யாரு போயிச் சொல்லுவா?” என்று குரல் செய்தி போட்டேன். “அக்கா, துண்டு துண்டாப் பேசாம உக்காந்து எழுதுங்கக்கா” என்று ஒருவன் பதில் போட்டான். எழுதச் சொன்னால் விடுகிற ஆளா நான்?

என் பெயர் செல்வராணி. சிம்மக்கல் பக்கம் வீடு. அப்பா தொலைபேசித் துறையில் லைன்மேன். வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். கருணை அடிப்படையில் அங்கே எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ‘பொம்பளப்புள்ள ஏணியில எப்பிடி ஏறும்’ என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கவலைப்பட்டார்கள். ஒரு காலை வைத்து அடுத்த காலை வைத்துத்தான் ஏறினேன். வேறு எப்படி ஏறுவார்கள்?

பயிற்சிக் காலத்தில் கற்ற இரண்டு பழக்கங்களை மட்டும் சொன்னால் போதும். ஒன்று, கேபிளின் மேல்தோலை பிளேடால் நீளவாக்கில் கீறி, வேண்டிய ஜோடிக் கம்பியை மட்டும் வெளியே எடுப்பது. மற்ற கம்பிகளுக்குக் கீறல்கூட விழக் கூடாது. இரண்டு, அப்படிப் பிரித்த இடத்தை மெழுகு தடவிய வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டுவது. இன்சுலேஷன் டேப் வெயிலில் இளகி ஒழுகிவிடும், நூல் அப்படியே நிற்கும். இந்த முடிச்சு ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி. என்னுடையது அம்மா பூக்கட்டும் முடிச்சு. மூன்று சுற்று, ஒரு முடிச்சு, எதிர்ப்பக்கம் இரண்டு சுற்று, நுனியை உள்ளே செருகி விடுவேன். எங்கள் ஆபீஸில் வேறு யாரும் அப்படிக் கட்டியதில்லை.

பிறகு வீடுகளுக்கு நெட் வந்தது. மோடம் கீழே இருக்கும், கம்ப்யூட்டர் மாடியில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் லேன் கேபிள் இழுக்க வேண்டும். அதற்குள் எட்டுக் கம்பி. ஆரஞ்சு ஒரு ஜோடி, பச்சை ஒரு ஜோடி, நீலம் ஒரு ஜோடி, பழுப்பு ஒரு ஜோடி. அன்றைக்கு இருந்த வேகத்துக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். நீலமும் பழுப்பும் சும்மா தூங்கும். தூங்குகிறதைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்குமா? நடுவழியில் தோலைக் கீறி, நீலத்தை எடுத்து அடுப்படிக்கு ஒரு டெலிபோன் கொடுப்பேன். பழுப்பை எடுத்து மாடியில் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிட ஒரு மணி வைத்துக் கொடுப்பேன். சுவரை இரண்டாம் தடவை கொத்த வேண்டாம், இரண்டாவது கேபிள் வாங்க வேண்டாம். ஜனங்கள் அப்படியே மலைத்துப்போவார்கள். “நாலு கம்பி போதும் சார், மிச்ச நாலு எதுக்கு சும்மா கெடக்கணும்?” என்பேன். அந்தப் பக்கத்தில் எனக்கு ‘மூணு வேலைக்காரி’ என்றே பெயர் வந்துவிட்டது. ஒரே வயரில் மூன்று வேலை பார்க்கிறவள் என்று அர்த்தம். அந்தப் பெயரில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

ஐம்பது தாண்டியதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து இரண்டே வாரம். என் வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “நீ வீட்டுல இருந்தா எனக்குத்தான் ஓவர்டைம்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் ஒரு தனியார் நெட் கம்பெனியில் வீடு வீடாகப் போய்ப் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். அங்கேதான் நஸீமா மேடம் எனக்கு அதிகாரி.

மேடம் என் மகனைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை மேடம் என்பேன். ஒரு நாளும் குரலை உயர்த்திப் பேச மாட்டார். மேஜையில் எப்போதும் தோலோடு வறுத்த கடலை ஒரு கூம்புப் பொட்டலம் இருக்கும். நாங்கள் வாடிக்கையாளர் வீட்டில் இருந்து போன் செய்தால், ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஒவ்வொரு கடலையாக உடைப்பார். படக், படக் என்று எங்களுக்குக் கேட்கும். நாம் சொல்வதில் எங்கேயாவது ஓட்டை இருந்தால் அந்தச் சத்தம் நின்றுவிடும். அந்த மௌனத்துக்கு நாங்கள் பயந்ததுபோல் எந்தக் கத்தலுக்கும் பயந்ததில்லை.

அவர் கேட்பது மூன்றே கேள்வி. வரிசை மாறாது. “எங்க இருந்து எங்க வரைக்கும் மெதுவா இருக்கு? எம்புட்டு வருது, நம்பரச் சொல்லுங்க. கடைசியா எதை மாத்துனாங்க?” அதோடு ஒரு கட்டளையும் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றி சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும் என்பார். எனக்கு முதலில் ஆத்திரமாக வந்தது. நான் கேபிள் பிரித்த வருடங்களில் இந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கும், எனக்கே பாடமா என்று முணுமுணுத்துக்கொண்டு போவேன்.

பழங்காநத்தத்தில் ஒரு வீட்டில்தான் அந்த முணுமுணுப்பு கொஞ்சம் அடங்கியது. அங்கே சரியாக மாலை ஆறு மணிக்கு நெட் படுத்துவிடும், காலையில் எழுந்துவிடும். நான் மோடத்தை மாற்றினேன், வெளியில் இருந்து வரும் லைனை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. மேடத்துக்குப் போன் போட்டேன். “ஆறு மணிக்கு அந்த வீட்டுல என்னக்கா நடக்கும்?” என்று கேட்டார். அந்த வீட்டம்மாவிடம் கேட்டேன். “ஆறு மணிக்கா? கொசு வரும். பின்கதவச் சாத்துவேன்.” போய்ப் பார்த்தால் கேபிள் அந்தக் கதவிடுக்கு வழியாகத்தான் போகிறது. தினம் ஆறு மணிக்கு அதன் கழுத்தை நெரித்திருக்கிறார் மகராசி.

இன்னொரு வீட்டில் அண்ணன் ஒருவர் தானே கடைத்தெருவில் பேரம் பேசி கேபிள் வாங்கிப் போட்டிருந்தார். வேகம் வரவில்லை. ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அலுமினியத்துக்கு மேலே செம்புப் பூச்சு. தூரம் போகப் போகத் தாங்காது, வளைத்தால் உடைந்தும் போகும். அண்ணன் ஆவலாகக் குனிந்து பார்த்தார். “உள்ள வெள்ளியாம்மா?”

“வெள்ளியா இருந்தா நான் ஏண்ணே இங்க நிக்கிறேன்? சுருட்டிக்கிட்டு ஓடியிருக்க மாட்டேன்?” என்றேன். பாவம், அவர் முகம் சுருங்கிப்போய்விட்டது.

எங்கள் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புகாரும் முடிந்த பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசிக் கட்டம் ‘காரணம்’. அதில் ‘எலக்ட்ரீஷியன் கவனக்குறைவு’ என்று ஒருமுறை எழுதினேன். மேடம் சிவப்பு மையில் அடித்துவிட்டார். “ஆளு காரணம் இல்லக்கா. அந்த ஆளு என்ன செஞ்சாருங்கறதுதான் காரணம். யாருன்னு எழுதாதீங்க, என்னன்னு எழுதுங்க.” சரி, எழுதாவிட்டால் போகிறது.

இனி அந்தத் திருநகர் வீட்டுக்கு வருகிறேன்.

அது ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி. வீட்டுக்காரர் பெயர் சுந்தரவேல், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டை வேறொருவரிடம் வாங்கி, முன்பக்கம் முழுக்க மாற்றி, புது வண்ணம் அடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புகார் கொடுத்தது அவருடைய மருமகள் சுகன்யா. சென்னையில் வீடியோ எடிட்டிங் கம்பெனியில் வேலை. கணவருக்குத் திருமங்கலத்தில் கடை. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. இத்தனை நாள் ஆளுக்கொரு ஊராக அலைந்தவர்கள், இப்போதுதான் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்ய கம்பெனி சம்மதித்திருந்தது, ஒரு நிபந்தனையோடு. வயர் வழியாக இருநூறு எம்.பி.க்கு மேல் வேகம் வர வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கிருந்தே சோதித்துப் பார்ப்பார்கள்.

“நாளைக்குப் பத்து மணிக்கு வரலேன்னா திங்கக்கிழம நான் சென்னையில இருக்கணும்க்கா” என்றாள் சுகன்யா. குழந்தை அவள் சுடிதார் நுனியைப் பிடித்தபடி நின்றது. “இவளக் கூட்டிட்டுப் போக முடியாது. ஹாஸ்டல்.”

இதற்காகவே ஐம்பதில் இருந்து முந்நூறு வேகத் திட்டத்துக்கு மாறியிருந்தார்கள். மாடியறையில் வந்தது தொண்ணூற்று நாலு. ராத்திரி பகல் எந்நேரம் பார்த்தாலும் அதே தொண்ணூற்று நாலு. மாடியில் வைஃபை எட்டவில்லை.

சுந்தரவேல் சார் யார் குற்றவாளி என்று முன்பே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். அவர் கையைக் காட்டிய இடத்தில் எலக்ட்ரீஷியன் பாண்டி நின்றுகொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். போன வாரம் கேபிளின் இரண்டு முனையிலும் பழைய பிளக் பாயிண்டை எடுத்துவிட்டுப் புதிதாக மாட்டியவன் அவன்தான்.

“இவன் கைய வச்சான், அதோட போச்சு” என்றார் சார். “புதுசா வேற வயர இழுடான்னா அதுவும் முடியலங்கறான்.”

“பழைய வயரோட புதுச முடிஞ்சு இழுத்தா நகர மாட்டேங்குது சார். பைப்புக்குள்ள எங்கயோ சிக்குது” என்றான் பாண்டி.

“சொவத்துக்கு வெளிய வயர் ஓட்டக் கூடாது. இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்கு” என்றார் சார். அதுவும் நியாயம்தான்.

வேலையை ஆரம்பித்தேன். லேப்டாப்பை எடுத்துக் கீழே மோடத்தில் என் சொந்த வயரால் நேராக மாட்டினேன். முந்நூற்று இரண்டு. எங்கள் கம்பெனி தப்பித்தது. அதே வயரை மாடிக்குக் கொண்டுபோய் அங்கே பிளக் பாயிண்டில் மாட்டினேன். தொண்ணூற்று நாலு. அப்படியானால் குறை சுவருக்குள் ஓடும் கேபிளில்தான். என் பையில் இரண்டு சின்னப் பெட்டி உண்டு. ஒன்றைக் கீழ்முனையிலும் இன்னொன்றை மேல்முனையிலும் மாட்டினால், எட்டுக் கம்பிக்கும் ஒவ்வொன்றாக விளக்கு எரியும். ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு மட்டும் எரிந்தன. மற்ற நாலும் இருட்டு. அதுதான் தொண்ணூற்று நாலின் ரகசியம். நாலு கம்பி மட்டும் வேலை செய்தால் வேகம் நூறைத் தாண்டவே தாண்டாது. நூறைத் தாண்ட எட்டும் வேண்டும்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாண்டியைப் பார்த்து, எல்லார் முன்னாலும், “ஏப்பா, எட்டு வயர்ல நாலு வயர மாட்டிப்பிட்டு மிச்சத்த மடிச்சு உள்ள தள்ளிட்டியா? இதுக்கு நீ மாட்டாமயே இருந்திருக்கலாம்” என்று கத்திவிட்டேன்.

“இல்லக்கா. தொறந்து பாருங்க” என்றான், அவ்வளவுதான். கையில் இருந்த ஸ்குரூ டிரைவரை என்னிடம் நீட்டினான்.

திறந்தேன். எட்டுக் கம்பியும் வரிசை தப்பாமல் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. கீழே போய்த் திறந்தேன். அங்கேயும் அப்படியே. நான் மாட்டியிருந்தால்கூட அவ்வளவு அழகாக இருந்திருக்காது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, நடுவில் யாரோ வெட்டி ஒட்டியிருக்கலாம். கேபிளின் தோலில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சடித்திருப்பார்கள். மேல்முனையில் நூற்று எழுபத்தொன்று, கீழ்முனையில் நூற்று நாற்பத்தெட்டு. இருபத்து மூன்று மீட்டர். பாண்டி டேப் பிடிக்க, சுவரோரமாக அளந்து பார்த்தோம். அதே இருபத்து மூன்றுதான் வந்தது. அப்படியென்றால் வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, முழுசாக ஒரே கேபிள். உள்ளே நாலு கம்பி மட்டும் எப்படிச் செத்தது? படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் படிக்கட்டுக் கைப்பிடியை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. திருநகரில் எல்லாப் படிக்கட்டும் ஒரே மாதிரிதான் என்று விட்டுவிட்டேன்.

நஸீமா மேடத்துக்குப் போன் செய்தேன். மூன்று கேள்வியும் வந்தன, பதில் சொன்னேன். “எலி கடிச்சிருக்கும் மேடம்” என்று முடித்தேன். கடலைச் சத்தம் நின்றது.

“செத்த நாலும் என்ன கலருக்கா?”

“நீலம் ரெண்டு, பழுப்பு ரெண்டு.”

“எலி ஜோடி ஜோடியா, கலர் பாத்தாக்கா கடிக்கும்?”

“அதானே!” என்றேன்.

“அது எலி இல்ல, தெரிஞ்ச கை. சத்தம் விட்டுத் தேடுங்க” என்றார். படக் என்று மறுபடியும் கடலை உடைந்தது.

சத்தம் விடுவது என்றால், கம்பியின் ஒரு முனையில் ஒரு கருவியைக் கவ்வ வைப்போம். பேனா மாதிரி இன்னொரு கருவியைச் சுவரில் வைத்துக்கொண்டே போனால், உள்ளே அந்தக் கம்பி ஓடும் இடத்தில் எல்லாம் கீச்சுக் கீச்சென்று கேட்கும். கீழே பழுப்புக் கம்பியில் கவ்வவிட்டேன். சுவரைத் தடவிக்கொண்டே படியேறினேன். குழந்தைக்கு ஒரே கொண்டாட்டம், “குருவி, குருவி” என்று என் பின்னாலேயே வந்தது. கீச், கீச், கீச். படி திரும்பும் இடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம். அதுவரைக்கும் சத்தம் வந்தது. அதற்கு மேலே மாடி நோக்கிப் போகவில்லை. நடைப்பக்கமாகத் திரும்பிப் போய், ஒன்றுமே இல்லாத ஒரு மூலையில் நின்றது.

கடிகாரத்தைக் கழற்றினோம். அதற்குப் பின்னால், வண்ணத்துக்கு அடியில், சதுரமாக ஒரு மூடி லேசாகப் புடைத்துத் தெரிந்தது. பாண்டி பிளேடால் சுற்றிலும் கீறி, இரண்டு ஸ்குரூவைக் கழற்றினான். மூடி வந்தது. டார்ச் அடித்தேன்.

கேபிளின் தோல் நீளவாக்கில் கீறியிருந்தது. ஆரஞ்சும் பச்சையும் அப்படியே மேலே போயின. நீலம் அடுப்படிப் பக்கம் போனது, பழுப்பு நடைப்பக்கம் போனது. பிரித்த இடத்தில் வெள்ளை நூல். மூன்று சுற்று, ஒரு முடிச்சு, எதிர்ப்பக்கம் இரண்டு சுற்று. நுனி உள்ளே செருகியிருந்தது.

ஆத்தி! என் முடிச்சு! படிக்கட்டுக் கைப்பிடி, அடுப்படி டெலிபோன், மாடியில் படித்துக்கொண்டிருந்த பையனைச் சாப்பிடக் கூப்பிட நடையில் மணி கேட்ட அந்தப் பழைய வீட்டம்மா, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. அன்றைக்கு அந்தம்மா எனக்குக் காபி போட்டுக் கொடுத்து, கெட்டிக்காரப் பிள்ளை என்று தோளைத் தட்டினார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவ்வளவு வருடம் கழித்து ஒரு தாயையும் குழந்தையையும் ஊருக்கு ஒன்றாகப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. புதுக் கேபிள் நகராததற்கும் இந்த முடிச்சுதான் காரணம். நான் கட்டினால் லேசில் அவிழுமா?

“என்னம்மா, கண்டுபிடிச்சாச்சா? இவன் வேலைதான?” என்று கீழே இருந்து சுந்தரவேல் சார் கேட்டார்.

இதை நான் மறைக்க மாட்டேன். ஒரு நொடி யோசித்தேன். ‘முன்னாடி எவனோ செஞ்சிருக்கான் சார்’ என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. மேடமே யாரென்று எழுதக் கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறார். திரும்பிப் பார்த்தேன். பாண்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த திட்டுக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தான்.

“இவன் வேலை இல்ல சார்” என்றேன். “என் வேலை. நான்தான் கட்டுனேன். பழைய வீட்டுக்காரங்க இருந்தப்ப இந்த வயர இழுத்தது நான்தான். நாலு கம்பி போதும்னு சொல்லி மிச்ச நாலையும் போனுக்கும் மணிக்கும் திருப்பி விட்டேன். பாண்டி மேல ஒரு தப்பும் இல்ல. அவன அம்புட்டுப் பேசுனதுக்கு நான்தான் வெக்கப்படணும்.”

கழற்றியபோது வாங்கி வைத்திருந்த கடிகாரத்தோடு சுந்தரவேல் சார் படியேறி வந்தார். அது அவர் கையில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. பாண்டிதான் முதலில் குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தான்.

“என்னமாக் கட்டியிருக்கீங்கக்கா!” என்றான். “நானும் முக்கி முக்கி இழுக்கிறேன், அசையல. வேற யாரு கட்டியிருந்தாலும் அத்துக்கிட்டு வந்திருக்கும்.”

சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பொத்த முடியாமல் சிரித்தாள். சார் மட்டும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, “காபி போடச் சொல்லவா?” என்றார். இந்த வீட்டில் என்ன வேலை செய்தாலும் எனக்குக் காபி உண்டு போலிருக்கிறது.

நூலையும் பக்கவாட்டில் பிரிந்து போன நாலு கம்பியையும் நானே வெட்டினேன். கேபிள் தளர்ந்தது. நல்ல செம்புக் கேபிள் புதிதாக ஒரு சுருள் பிரித்து, பழைய கேபிளின் கீழ்முனையோடு சேர்த்து முடிந்தோம். வழுக்கிப் போகட்டும் என்று குழந்தையின் பவுடர் டப்பாவை வாங்கித் தாராளமாகத் தூவினேன். பாண்டி மாடியில் இருந்து இழுத்தான், நான் கீழே இருந்து ஊட்டினேன். “வருதாப்பா?” “வருதுக்கா, விடுங்க, விடுங்க!” இருபத்து மூன்று மீட்டரும் வழுக்கிக்கொண்டு மேலே போனது. இரண்டு முனையையும் பாண்டியையே மாட்டச் சொன்னேன். அவனுக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும் அல்லவா? பெட்டியை மாட்டினேன். ஒன்றில் இருந்து எட்டு வரைக்கும் விளக்கு ஓடியது. மாடியில் லேப்டாப்பில் பார்த்தோம், இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. சுகன்யா மூன்று தடவை சோதித்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை அவள் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் கீழவாசல் பக்கம் வேறொரு வீட்டில் ஏணி மேல் இருந்தேன். ஒரு கையில் போன். பத்தே காலுக்கு ஒரு படம் வந்தது. மாடியறை மேஜையில் அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு வரி. ‘குருவி அக்காவுக்கு நன்றி, நாங்க எங்கயும் போகல.’ ஏணியில் இருந்தபடியே ஒரு சத்தம் போட்டேன். அந்த வீட்டுக்காரர் ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து மெயின் சுவிட்சை அணைக்க ஓடினார்.

சாயங்காலம் ஆபீஸில் படிவம் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், ‘கேபிளின் நடுவில் நாலு கம்பி வெட்டித் திருப்பப்பட்டது. திருப்பியவர் செல்வராணி’ என்று எழுதிக் கொடுத்தேன். நஸீமா மேடம் படித்தார். கையில் எடுத்த கடலையைக் கீழே வைத்தார்.

“யாருன்னு எழுதக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்லக்கா?”

“மத்தவங்க பேரத்தான எழுதக் கூடாது மேடம்? இது என் பேரு, எழுதுவேன்.”

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார், யோசித்தார், மூடி வைத்துவிட்டார். திங்கட்கிழமை என் மேஜையில் ஒரு தாள் இருந்தது. திருநகரிலும் சுற்று வட்டாரத்திலும் பெரிய திட்டம் எடுத்தும் தொண்ணூற்று நாலிலேயே நின்றுகொண்டிருக்கும் வீடுகளின் பட்டியல். “இதுல உங்க முடிச்சு எங்க எங்க இருக்குன்னு பாத்துட்டு வாங்கக்கா” என்றார். அடுத்து வந்த மாதங்கள் முழுக்க நான் வேறு வேலைக்கு இடையில் என் நூலை நானே வெட்டிக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் கதவு திறந்ததும் முதலில் அதைத்தான் சொல்வேன், “நான் செஞ்ச தப்பச் சரி பண்ண வந்திருக்கேன்.” யாரும் திட்டவில்லை. பாதிப்பேர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். சுவருக்குள் சிக்கினால் பாண்டியைக் கூப்பிடுவேன், அடுத்த அரைமணியில் வண்டியில் வந்து நிற்பான்.

நான் ஓய்வு பெறும் நாளும் வந்தது. மாலை அணிவிக்க எல்லாரும் காத்திருக்கும்போது நஸீமா மேடம் ஒரு புகார்ச் சீட்டை நீட்டினார். “கடைசியா ஒண்ணு இருக்குக்கா. இன்னைக்கு முடிச்சிருங்க.” சிம்மக்கல் விலாசம். ‘டிவியில் படம் ஓடாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மனைவியிடம் பலமுறை சொல்லியும் நடவடிக்கை இல்லை.’ கீழே என் வீட்டுக்காரர் பெயர்.

ஆபீஸே சிரித்தது. வாஸ்தவம்தான். அவர் வருடக் கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். “நீங்க பாக்குற பழைய படத்துக்கு இது போதும்” என்று நானும் வருடக் கணக்காகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு போய் என் வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவர் அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “உள்ள வாங்க மேடம்” என்றார்.

சோதித்துப் பார்த்தேன். தொண்ணூற்று நாலுகூட இல்லை, ஒன்பது. அதனால்தான் மேடத்தின் பட்டியலில் அது சிக்கவில்லை. டிவி அலமாரியை இருவருமாக நகர்த்தினோம். பின்னால், மாமனார் கட்டிலுக்கு நான் டெலிபோன் கொடுத்த இடத்தில், வெள்ளை நூல். மூன்று சுற்று, ஒரு முடிச்சு. கம்பிகள் எல்லாம் பச்சைக் களிம்பு பிடித்துப்போயிருந்தன. கட்டு மட்டும் இறுக்கமாக இருந்தது.

எட்டுக் கம்பியும் சேர்த்துப் புதிய கேபிள் மாட்டிவிட்டு, டிவியைப் போட்டுக் காட்டினேன். படம் நிற்காமல் ஓடியது. படிவத்தில் காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். வாடிக்கையாளர் கருத்து என்ற இடத்தை அவர் நிரப்ப வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பதுபோல் நிதானமாக எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

‘ஆள் வர ஏழு வருடம் ஆனது. தப்பை ஒத்துக்கொண்டார். வேலை சுத்தம்.’